காட்டலும் படியெடுத்தலும்: கடைகளில் அடையாள அட்டையும் தனியுரிமையும்

முன்னுரை

ஒருவர் தம் அடையாள அட்டையைக் காட்டுதல் ஒன்று. அதனைப் பிறர் படியெடுத்து வைத்துக்கொள்ளுதல் வேறொன்று. காட்டப்பட்ட அட்டை பார்த்தவர் நினைவில் சில நொடிகள் நின்று மறையும். படியெடுக்கப்பட்ட அட்டையோ உரியவர் வீடு திரும்பிய பின்னும் கடையிலேயே தங்கியிருக்கும்; அவர் அதனை மறந்த பின்னும் அது அழியாதிருக்கும். இவ்விரு செயல்களையும் ஒன்றெனவே கொள்ளும் பழக்கம் இன்றைய வணிக உலகில் பரவி வருகிறது. 'அட்டையைக் காட்டுங்கள்' என்று கேட்கும் கடைப்பணியாளர், பெற்ற அட்டையைக் கண்ணால் நோக்குவதற்கு மாறாக மின்வருடியின் முன் நீட்டுகிறார். கேட்கப்பட்டது காட்டல், நிகழ்ந்தது படியெடுத்தல்.

இவ்வேறுபாட்டை விளக்குவதும், அது மறக்கப்படும்போது மக்களுக்கு நேரும் கேட்டை எடுத்துரைப்பதும், அதற்குக் காணப்பட்ட தீர்வுகளை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் இச்சிக்கல் ஆய்வுக் குழுவின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் சட்டமன்றத்தின் முன்னும் வந்துள்ளது. ஆதலின் அந்நாடுகளின் நிகழ்ச்சிகளே ஈண்டு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இறுதியில் நம் நாட்டின் நிலை சுருக்கமாக நோக்கப்படும்.

பெயர் சுட்டாமை என்னும் மரபு

'தனியுரிமை' என்னும் சொல் அண்மைக் காலத்தது. அச்சொல் குறிக்கும் உணர்வோ பழமையானது. அன்பின் ஐந்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறியாகும். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே அங்கு வழங்கும். ஒருவர் இன்னார் என்று சுட்டப்பட்ட அளவிலேயே அவர்தம் ஒழுக்கம் அகத்தினின்றும் நீங்கிப் புறமாகிவிடும் என்பது இலக்கணிகளின் துணிபு.

இந்நெறி எத்துணை நுட்பமானது என்பதற்கு நெடுநல்வாடை பற்றிய உரையாசிரியர் கருத்தே சான்று. பிரிவால் வருந்தும் தலைவியையும் பாசறையில் இருக்கும் தலைவனையும் பாடும் அந்நூலில் தலைவன் பெயர் யாண்டும் கூறப்படவில்லை. எனினும் வேலில் வேம்பு கட்டப்பட்டிருந்தமை கூறப்பட்டுள்ளது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூவாதலின், அக்குறிப்பு ஒன்றே தலைவனை இன்னான் என்று காட்டிவிட்டது எனக் கொண்டு அதனைப் புறமென்றார் நச்சினார்க்கினியர். அறிஞர் சிலர் அதனை அகமென்றே கொள்வர். அவ்வாராய்ச்சி ஈண்டு நமக்கு வேண்டுவதன்று. பெயரைக் கூறாவிடினும் ஓர் அடையாளம் போதும், ஆளைக் காட்டிக்கொடுக்க என்னும் உண்மை மட்டும் ஈண்டுக் கொள்ளத்தக்கது. கணிப்பொறி வல்லுநர் இன்று கூறும் ஓர் உண்மையும் இதுவே என்பதைப் பின்னர்க் காண்போம்.

அட்டையும் பட்டைக் குறியீடும்

அமெரிக்காவில் பெரும்பாலோர் அன்றாடம் கையாளும் அடையாளச் சான்று ஓட்டுநர் உரிமமேயாகும். வண்டி ஓட்டும் தகுதிக்குச் சான்றாக எழுந்த அவ்வட்டை, நாளடைவில் வங்கியிலும் விமான நிலையத்திலும் கடையிலும் ஒருவரை இன்னார் என்று மெய்ப்பிக்கும் பொதுச் சான்றாயிற்று. அதன் பின்புறத்தில் நெருக்கமான கோடுகளும் புள்ளிகளும் நிறைந்த பட்டைக் குறியீடு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ரியல் ஐ.டி. சட்டம், பொறி படிக்கத்தக்க பொதுவானதொரு முறை அட்டைகளில் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு அமைந்த குறியீடு மறைமொழியில் எழுதப்பட்டதன்று. ஏற்ற கருவி உடைய எவரும் அதனைப் படித்தல் கூடும்.

அதில் அடங்கிய செய்திகள் யாவை? உரியவரின் முழுப்பெயர், வீட்டு முகவரி, பிறந்த நாள், உரிம எண், பாலினம், உயரம், கண்ணின் நிறம், அட்டை வழங்கிய நாள், காலாவதியாகும் நாள் முதலியன. மது வாங்க வந்த ஓர் இளைஞர் 21 வயது நிரம்பியவரா என்பதை அறியக் கடைக்காரருக்குத் தேவைப்படுவது பிறந்த நாள் ஒன்றே. இன்னும் நுணுகி நோக்கின் பிறந்த நாளும் தேவையில்லை. 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் விடையே போதும். ஆனால் வருடி அட்டையைப் படிக்கும்போது வேண்டியது, வேண்டாதது என்று பகுத்துப் பார்ப்பதில்லை. கருவியை அவ்வாறு அமைத்தாலன்றி அனைத்தும் ஒருசேர உட்செல்லும்.

கண்ணால் பார்ப்பதற்கும் கருவியால் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு மூவகைப்படும். முதலாவது அளவு: கண் வேண்டியதை மட்டும் நோக்கும், கருவி முழுவதையும் கொள்ளும். இரண்டாவது காலம்: கண் கண்டது மறக்கும், கருவி கொண்டது நிலைக்கும். மூன்றாவது இணைப்பு: ஒரு பணியாளர் கண்டதை வேறொரு நகரத்துக் கடையில் உள்ளவர் அறியார், கருவி கொண்டதோ ஒரே களஞ்சியத்தில் சேர்ந்து, ஒருவர் எங்கெங்கே எப்பொழுது என்னென்ன செய்தார் என்னும் வரலாறாக வளரும். இம்மூன்றனுள் காலமும் இணைப்புமே பெருங்கேடு விளைப்பன.

கடைக்காரர் தரப்பு

கடைக்காரர் அட்டையைக் கேட்பது வெறும் ஆசையால் என்று கூறுதல் நேர்மையாகாது. அமெரிக்கக் கடைகளில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் வழக்கம் பரவலாக உண்டு. இரசீது இல்லாமலும் சில கடைகள் பொருளை ஏற்கும். இந்தத் தாராளத்தைத் தீயோர் பயன்படுத்திக்கொள்வர். ஒரு கடையில் திருடிய பொருளை அதே நிறுவனத்தின் மற்றொரு கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவோர் உளர். விழாவுக்கென ஆடை வாங்கி, உடுத்திய பின் திருப்பித் தருவோரும் உளர். ஒருவரே மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்கிறாரா என்று அறியக் கடைக்கு ஏதேனும் ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. வயது வரம்புள்ள பொருள்களை விற்பதிலும் தவறு நேர்ந்தால் கடைக்காரரே தண்டம் இறுக்க வேண்டும்.

ஆகவே கேட்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டா என்பதன்று வினா. கேட்டதற்கு மேலும் எடுக்கலாமா, எடுத்ததைத் தேவை தீர்ந்த பின்னும் வைத்திருக்கலாமா, வைத்திருந்ததைப் பிறருக்கு அளிக்கலாமா என்பனவே வினாக்கள். பொருள் திருப்பும் விவரங்களைக் கடைகள் தாமே ஆராயாமல் அதற்கெனவே அமைந்த வேறு நிறுவனங்களுக்கு அனுப்புவதும் உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த 'தி ரீடெய்ல் ஈக்வேஷன்' அத்தகையது. ஒருவர் திருப்பும் பொருளை ஏற்கலாமா மறுக்கலாமா என்று கடைக்கு அது பரிந்துரைக்கும். அட்டையை நீட்டிய வாடிக்கையாளர் தம் எதிரே நின்ற கடையை அறிவார். அதன் பின்னே நிற்கும் நிறுவனத்தை அறிந்திரார்.

டி.ஜே.எக்ஸ். நிகழ்ச்சி

இச்சிக்கலின் தன்மையை முழுதும் விளக்கிக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. டி.ஜே.எக்ஸ். என்பது அமெரிக்காவில் தலைமையிடம் கொண்ட பெரும் துணிக்கடை நிறுவனம். கனடாவில் வின்னர்ஸ், ஹோம்சென்ஸ் என்னும் பெயர்களில் அதன் கடைகள் இயங்குகின்றன. இரசீது இன்றிப் பொருளைத் திருப்பித் தருவோரிடம் பெயர், முகவரி ஆகியவற்றுடன் ஓட்டுநர் உரிம எண்ணையும் அந்நிறுவனம் பெற்றுக் கணிப்பொறியில் பதிந்து வந்தது.

2006 டிசம்பரில் தன் கணிப்பொறி அமைப்புக்குள் அயலார் புகுந்திருப்பதை நிறுவனம் கண்டறிந்தது. 2007 சனவரியில் அதனை உலகறியச் செய்தது. ஆராய்ந்தபோது, கள்வர் 2005இன் நடுப்பகுதியிலிருந்தே உள்ளே நடமாடியமை தெரியவந்தது. அமெரிக்கக் கடைகள் இரண்டின் கம்பியில்லா வலையமைப்பே அவர்கள் நுழைந்த வாயில் என்று நிறுவனம் கருதியது. அவ்வலையமைப்புக்கு இடப்பட்டிருந்த பூட்டோ, வலுவற்றதென வல்லுநர் முன்னரே ஒதுக்கிய பழைய முறை. ஏறத்தாழ 4½ கோடிப் பற்று, கடன் அட்டைகளின் எண்கள் களவுபோயின. இந்நிகழ்ச்சி குறித்து அந்நாளில் வந்த செய்திகளிலெல்லாம் இப்பேரெண்ணே முன்னின்றது.

ஆனால் நம் ஆய்வுக்குரியது அதனினும் சிறிய வேறோர் எண். இரசீதின்றிப் பொருளைத் திருப்பித் தந்தோருள் ஏறத்தாழ 4,55,000 பேரின் அடையாள விவரங்களும் உடன் களவுபோயின. கடன் அட்டை எண் களவுபோனால் வங்கி அதனை நீக்கி மறுநாளே வேறோர் எண் வழங்கும். ஏற்பட்ட இழப்பையும் பெரும்பாலும் வங்கியே ஏற்கும். ஆனால் பிறந்த நாளை மாற்ற இயலுமா? பெயரை மாற்றிக்கொள்வதும் வீட்டை விட்டு வேறு வீடு புகுவதும் எல்லார்க்கும் எளியவோ? பண அட்டை இழந்தவர் பணத்தை இழந்தார். அடையாள அட்டையின் விவரத்தை இழந்தவரோ தம்மையே இழந்தவர் போலாகிறார். அவர் பெயரால் வேறொருவர் கடன் பெறலாம், கணக்குத் தொடங்கலாம். தாம் செய்யாத செயலைத் தாம் செய்யவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் தலைமீது விழும். ஒரு போர்வையையோ சட்டையையோ திருப்பிக் கொடுத்தமைக்கு அவர் தரும் விலை அது.

இக்களவில் தலைமை பூண்டவன் பிடிபட்டு 2010ஆம் ஆண்டில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். எனினும் வெளியே சென்ற செய்தியை மீட்டுத் தரும் ஆற்றல் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

ஆய்வுக் குழுவின் முடிவு

கனடா நாட்டுத் தனியுரிமை ஆணையரும் ஆல்பர்ட்டா மாநில ஆணையரும் இணைந்து இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 2007 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டனர். பூட்டு வலுவற்றது என்பதோடு அவர்கள் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. 'உள்ளே இருந்த பொருள் அங்கே இருந்திருக்க வேண்டியதுதானா?' என்னும் முதல் வினாவை எழுப்பினர். இதுவே அவ்வறிக்கையின் சிறப்பு.

திருப்பித் தருவோரின் பெயரையும் முகவரியையும் கேட்பது பொருந்தும் என்று அவர்கள் ஏற்றனர். உரிம எண்ணைப் பதிவதை ஏற்கவில்லை. அவ்வெண் ஒருவர் வண்டி ஓட்டத் தகுதியுடையவர் என்பதற்காக அரசு வழங்கியது. கடைக்கு வந்து பொருள் திருப்பும் பழக்கத்தை அளப்பதற்காக வழங்கப்பட்டதன்று. அட்டையைப் பார்த்து ஆளை உறுதிசெய்வது வேறு. எண்ணை எடுத்து வைத்துக்கொள்வது வேறு என்று அவர்கள் கொண்டனர். இல்லாத பொருளைக் கள்வன் எடுத்துச் செல்ல இயலாது. திரட்டாமையே தலையாய காவல் என்பது இதனால் பெறப்படும்.

அங்ஙனமாயின் ஏமாற்றுவோரைக் கடைக்காரர் எவ்வாறு கண்டறிவார்? இதற்கும் அவ்வறிக்கையில் விடை உண்டு. நிறுவனம் புதியதொரு முறையை முன்வைத்தது. ஆணையர்கள் அதனை ஏற்றனர். அம்முறையில் உரிம எண் உள்ளிடப்பட்ட அக்கணமே கணித முறையொன்றால் வேறோர் எண்ணாக மாற்றப்படும். மாறிய எண் மட்டும் சேமிக்கப்படும். மூல எண் கைவிடப்படும். இதனை நெல்லரைத்தலோடு ஒப்பிடலாம். அரைத்த மாவிலிருந்து நெல்லை மீண்டும் பெற இயலாது. ஆயினும் இம்முறையில் ஒரே நெல் எத்துணை முறை அரைக்கப்பட்டாலும் ஒரே மாவையே தரும். எனவே நேற்று வந்தவரே இன்றும் வந்துள்ளார் என்பதைக் கடை அறியும். அவருடைய உரிம எண்ணை அறியாது. கடைக்காரரின் தேவையும் நிறைவேறும். வாடிக்கையாளரின் மறையும் காக்கப்படும்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. உரிம எண்கள் குறிப்பிட்ட அமைப்பும் நீளமும் உடையவை. இருக்கக்கூடிய எண்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்து, எந்த நெல் இந்த மாவைத் தந்தது என்று விரைவான கணிப்பொறி கண்டுவிடக் கூடும். அதனைத் தடுக்க, அரைக்கும்போது கடைக்கு மட்டுமே தெரிந்த மறைப்பொருள் ஒன்றையும் சேர்த்தரைத்தல் வேண்டும் என்பர் வல்லுநர். மேலும், பெயரை நீக்கிவிட்டாலும் பிறந்த நாள், பாலினம், குடியிருக்கும் பகுதியின் அஞ்சல் எண் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைப்பின் பலரை இன்னார் என்று கண்டுவிடலாம் என்பது கணிப்பொறி அறிஞர் நிறுவிய உண்மை. நெடுநல்வாடையின் வேம்பு ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பே. பெயர் கூறப்படவில்லை, ஆயினும் வேலில் வேம்பு இருந்தது.

மாறுபட்டதொரு தீர்ப்பு

எல்லா மன்றங்களும் இக்கருத்தை ஏற்றன என்று கூற இயலாது. அதே ஆல்பர்ட்டா மாநிலத்தில் லியோன்ஸ் என்னும் அறைகலன் கடை பற்றிய வழக்கு எழுந்தது. முன்னரே பணம் செலுத்திய பொருளை எடுத்துச் செல்ல வருவோரின் ஓட்டுநர் உரிம எண்ணையும் ஊர்தி எண்ணையும் அக்கடை குறித்துக்கொண்டது. வேறொருவர் வந்து பொருளைக் கவர்ந்து செல்வதைத் தடுப்பதே நோக்கம் என்றது. தனியுரிமை ஆணையர் அலுவலகம் அதனைத் தவறென்றது. 2011ஆம் ஆண்டு ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அம்முடிவை மாற்றினர். கடையின் செயல் நியாயமானதாக இருந்தால் போதும். இருப்பனவற்றுள் மிகச் சிறந்த வழியையே அது பின்பற்ற வேண்டும் என்பதில்லை என்று அவர்கள் கருதினர். ஊர்தி எண் தனிமனிதர் பற்றிய செய்தியே அன்று என்றும் கூறினர்.

இத்தீர்ப்பை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. தன் பொருளைக் காக்கும் உரிமை வணிகனுக்கும் உண்டு என்பதையும், சட்டம் அவன்மீது அளவு கடந்த சுமையை ஏற்றலாகாது என்பதையும் அது நினைவூட்டுகிறது. எனினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. பொருள் உரியவரிடம் சேர்ந்துவிட்டது, எவரும் முறையிடவில்லை, மாதங்கள் பல கடந்தன. அதன் பின்னும் அவ்வெண் கடையின் ஏட்டில் இருப்பதற்கு நியாயம் யாது? எடுத்தது நியாயம் என்று கொண்டாலும், வைத்திருத்தல் தனியே ஆராயத்தக்கதன்றோ? எடுத்தற்கு ஒரு காரணம் வேண்டும். வைத்திருத்தற்கு நாள்தோறும் ஒரு காரணம் வேண்டும் எனலாம்.

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர்

'குற்றம் செய்யாதவர், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர், அட்டையைத் தர ஏன் தயங்க வேண்டும்?' என்று வினவுவோர் உளர். வீட்டு முகவரி வெட்கத்துக்குரிய செய்தியன்று. யாரும் அதனை ஒளிப்பதுமில்லை. ஆனால் அது தகாதவர் கையில் சேரும்போது நேர்வது யாது என்பதற்கு வருந்தத்தக்க சான்று ஒன்று உண்டு.

1989ஆம் ஆண்டு சூலைத் திங்களில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ரெபெக்கா ஷேஃபர் என்னும் 21 வயது நடிகை தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் அவர்மீது வெறிகொண்ட ஒருவன். அவருடைய முகவரியை அவன் எவ்வாறு பெற்றான்? தனியார் துப்பறிவாளர் ஒருவருக்குப் பணம் கொடுத்தான். அவர் வழியாகக் கலிபோர்னிய ஊர்திப் பதிவுத்துறை ஏட்டிலிருந்து முகவரி கிடைத்தது. இறந்த பெண் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவர் ஒளித்ததும் ஒன்றுமில்லை. இத்தகைய நிகழ்ச்சிகளால் எழுந்த அச்சமே 1994ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஓட்டுநர் தனியுரிமைக் காப்புச் சட்டத்தை இயற்றக் காரணமாயிற்று.

அச்சட்டம் அரசு அலுவலகத்தின் ஏட்டுக்குப் பூட்டிட்டது. ஆயின் அதே பெயரும் முகவரியும் பிறந்த நாளும் அட்டையின் பின்புறத்தில் உள்ளன. அட்டையை உரியவரே கடைதோறும் நீட்டுகிறார். பெரிய ஏடு ஒன்று பூட்டப்பட்டது. சிறிய ஏடுகள் பல திறந்தன. தனித்து வாழும் பெண்ணொருவர் மருந்தோ மதுவோ துணியோ வாங்க நீட்டிய அட்டையின் முகவரி, அக்கடையின் எந்தப் பணியாளர் கண்ணிலும் படக்கூடும் என்னும் நிலையில், 'ஏன் தயங்க வேண்டும்' என்னும் வினாவுக்கு விடை கூற வேண்டியவர் அப்பெண்ணல்லர்.

நியூ ஜெர்சியின் வழி

இக்குறையை நேரே நோக்கிய சட்டங்களுள் நியூ ஜெர்சி மாநிலம் 2017 சூலையில் இயற்றிய சட்டம் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் கூறுகளை நான்காகத் தொகுக்கலாம்.

ஒன்று, நோக்க வரையறை: பணமாகச் செலுத்தாதவரின் அடையாளத்தையும் பொருளைத் திருப்புவோரின் அடையாளத்தையும் உறுதிசெய்தல், வயதறிதல், திருப்புதலில் நேரும் ஏமாற்றைத் தடுத்தல் முதலிய, சட்டம் எண்ணிக் கூறிய நோக்கங்களுக்காக மட்டுமே கடைகள் அட்டையை வருடலாம்.

இரண்டு, அளவு வரையறை: பெயர், முகவரி, பிறந்த நாள், அட்டை வழங்கிய மாநிலம், அட்டை எண் ஆகியவற்றுக்கு மேல் எடுத்தலாகாது. உயரமும் கண்ணின் நிறமும் கடைக்கு உரியனவல்ல.

மூன்று, கால வரையறை: அடையாளத்தையோ வயதையோ உறுதிசெய்தற்கு மட்டும் வருடியிருப்பின், பெற்ற செய்தியை வைத்திருத்தலாகாது. காட்டல் காட்டலாகவே முடிதல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

நான்கு, பொறுப்பு: வைத்திருக்க இசைவு பெற்றவற்றைப் பாதுகாப்பாக வைத்தல் வேண்டும், விளம்பரத்துக்காகப் பிறருக்கு விற்றலாகாது. மீறினால் முதன்முறை 2,500 டாலரும் அடுத்தடுத்த முறைகளில் 5,000 டாலரும் தண்டம்.

முன்னர்க் கூறிய அளவு, காலம், இணைப்பு என்னும் மூன்றுக்கும் இச்சட்டம் எல்லை வகுத்துள்ளமை காண்க. கடைக்காரரின் கருவியை அது பறிக்கவில்லை. கருவியை மீண்டும் கண்ணின் அளவுக்குக் கொணர முயல்கிறது. எனினும் இது ஒரு மாநிலத்தின் சட்டமே. அமெரிக்காவில் மாநிலந்தோறும் விதி வேறுபடுகிறது; ஆற்றைக் கடந்து அடுத்த மாநிலம் புகுந்தால் அதே அட்டைக்கு வேறு நியதி.

நம் நாட்டின் நிலை

நம் நாட்டில் ஓட்டுநர் உரிமத்தின் இடத்தை ஆதார் அட்டை பெற்றுள்ளது. இங்கு வருடியின் வேலையை நெடுங்காலம் செய்து வந்தது ஜெராக்ஸ் பொறியே. கைப்பேசிக்குச் சிம் அட்டை வாங்கவும் விடுதியில் அறை எடுக்கவும் அட்டையின் படியைக் கொடுத்துக் கையொப்பமிடுவது நமக்குப் பழகிப்போன செயல். அப்படிகள் எந்த அலமாரியில், எத்துணை ஆண்டுகள், எவர் பார்வையில் கிடக்கின்றன என்று கேட்பார் இலர்.

தனியுரிமை அரசமைப்பு வழங்கும் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவில் தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிசெய்த பகுதியை நீக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரியவர் தாமே விரும்பினால் அடையாளச் சான்றாக அதனைக் காட்டலாம். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியுமாறு எண் மறைக்கப்பட்ட ஆதார்ப் படியைப் பெறும் வசதியும் உண்டு. படிகளைக் கண்டவரிடம் கொடுக்க வேண்டா, மறைக்கப்பட்ட படியையே தருக என்று 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவுறுத்தியது. மக்கள் தவறாகப் பொருள்கொள்ளக் கூடும் என்று காட்டி இரண்டே நாளில் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பில் போடும் இடத்தில் கைப்பேசி எண்ணைத் தரும்படி வற்புறுத்தலாகாது என்று 2023 மே மாதத்தில் ஒன்றிய நுகர்வோர் துறை கடைகளுக்கு அறிவுரை வழங்கியது.

2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதக் காலம் அளிக்கப்பட்டது. இசைவு பற்றி அச்சட்டம் தரும் எடுத்துக்காட்டு நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. மருத்துவ ஆலோசனை வழங்கும் கைப்பேசிச் செயலி ஒன்று, மருத்துவத்துக்கான விவரங்களோடு ஒருவரின் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் இசைகிறார். எனினும் தொடர்பு எண்கள் மருத்துவத்துக்குத் தேவையற்றவை. ஆதலின் அவர் இசைவு மருத்துவத்தின் அளவிலேயே நிற்கும் என்கிறது சட்டம். 'அவரே கொடுத்தார்' என்பது முழு விடையாகாது. 'தேவைக்கு மேல் ஏன் வாங்கினாய்' என்பதற்கும் விடை வேண்டும். கடை முன் நிற்கும் எளியவர் மறுக்கும் நிலையில் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது. பணியாளர் கை நீட்டுகிறார். மறுத்தால் பொருள் இல்லை. அந்நிலையில் பெறும் இசைவை முழு இசைவு என்று கொள்ளலாகாமை சட்டத்தாலும் உணரப்பட்டுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

அடையாள அட்டையைக் காட்டலும் அதனைப் படியெடுத்தலும் வெவ்வேறு செயல்கள். முன்னதற்குத் தந்த இசைவு பின்னதற்கு இசைவாகாது.

கடைக்காரரின் தேவை உண்மையானதே. ஆயினும் அத்தேவை பெரும்பாலும் ஒரு விடையளவினது. 'வயது நிரம்பியவரா', 'முன்னர் வந்தவரா' என்பன போன்றது. விடையைப் பெற்ற பின் அட்டையின் விவரம் கடையில் தங்க வேண்டுவதில்லை.

களவுக்கு முதற்காரணம் பூட்டின் வலுவின்மை மட்டுமன்று. தேவையற்றதைத் திரட்டி வைத்தமையுமாகும். டி.ஜே.எக்ஸ். நிகழ்ச்சி இதற்குச் சான்று.

இழப்பு நேர்ந்தால் கடை நட்டஈடு தரலாம், தண்டம் செலுத்தலாம். பிறந்த நாளையும் பெயரையும் எவரும் புதிதாக வழங்க இயலாது. ஆதலின் வருமுன் காத்தலே வழி.

மாணவச் செல்வங்கள் நாளை கடை நடத்துவோராகவும் அலுவலகம் ஆள்வோராகவும் கணிப்பொறி இயக்குவோராகவும் விளங்குவர். அட்டையை நீட்டும்போது 'இது எதற்கு, எத்துணை நாள் வைத்திருப்பீர்கள்?' என்று பணிவோடு வினவும் உரிமை அவர்களுக்கு உண்டு. அட்டையைப் பெறும் இடத்தில் அமரும்போது, கேளாமலே அதற்கு விடை கூறும் கடமையும் உண்டு. பார்க்க வேண்டியதைப் பார்த்து, அட்டையை உரியவர் கையில் திருப்பிக் கொடுத்தலே முறை. அதனோடு கடையின் வேலை முடிந்தது.